35 லட்சம்னு போட்டிருக்கான் சரி, வாங்குனது யாரு?

கேள்வி: ஐயா வணக்கம். பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமம், வயசு 27, பேரு போட வேணாம். ஆறு மாசம் முன்னாடி எங்க தாத்தா தவறிட்டாரு. அவரோட டிரங்குப் பெட்டிய போன மாசம்தான் தொறந்தோம், உள்ள ஒரு பழைய வேட்டித் துணியில முடிஞ்சு கொஞ்சம் காசு இருந்துச்சு. 1840ன்னு போட்ட விக்டோரியா ராணி வெள்ளி ரூபா 4, யானை போட்ட செப்புக்காசு 2, அப்புறம் ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், இன்னொரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா 1818ன்னு போட்ட பெரிய காசு ஒண்ணு. அந்த 1818 காச நெட்ல தேடுனா ஒரு ஏல சைட்ல 35 லட்சம், இன்னொண்ணுல 1 கோடியே 20 லட்சம்னு போட்டிருக்கான். வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல. காசு சேக்கறவங்க வாட்ஸப் குரூப் ஒண்ணுல போட்டோ போட்டேன், எல்லாரும் சிரிப்பு எமோஜி போட்டு 50 ரூபா கூட போவாதுங்கறாங்க. ஆனா அதுல ஒருத்தரே தனியா மெசேஜ் பண்ணி எல்லாத்தையும் சேத்து 6,000க்கு எடுத்துக்கறேங்கறாரு. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு 6,000? கூட்டு சேந்து ஏமாத்தறாங்களா? நடுவுல ஒரு கம்பெனிக்காரன் போன் பண்ணி 22 லட்சத்துக்கு வாங்கிக்கறோம், பதிவுக் கட்டணம் 2,150 கட்டுங்கன்னான், கட்டிட்டோம், இப்ப ரிசர்வ் பேங்க் கிளியரன்ஸுக்கு 18,500 கேக்கறான். எங்க மாமா வேற பெங்களூர்ல 26,000 குடுத்து பித்தளைக் குழல் வெச்ச எச்எம்வி கிராமபோன் வாங்கிட்டு வந்து, ஏலத்துல இது நாலரை லட்சம்னு சொல்லிட்டு உக்காந்திருக்காரு. எங்க கொல்லையில வில்லு புடிச்ச ஆளு செதுக்குன கல்லு ஒண்ணு நிக்குது, அதையும் போட்டோ புடிச்சி போடலாம்ங்கறாரு. யாரு சொல்றது நெசம்?

பதில்: தம்பி, அந்த 18,500ஐ கட்டாதீங்க. மத்தத அப்புறம் படிச்சுக்கலாம், இத மொதல்ல வீட்ல சொல்லிட்டு வந்துடுங்க.

வாங்கறவன் காசு குடுப்பான், காசு கேக்க மாட்டான், நம்ம சந்தையில ஆடு விக்கப் போன எந்த ஆளுக்கும் இது தெரியும். ஆட்ட புடிச்சிட்டுப் போறவன் உங்ககிட்டயே பதிவுக் கட்டணம் கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க, கயித்த புடுங்கிட்டு வீட்டுக்கு வந்துடுவீங்கல்ல, ஆனா போன்ல கேட்டா மட்டும் கட்டிடறோம். ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதியே அறிக்கை விட்டுடுச்சு, பழைய காசு நோட்டு வாங்கறது விக்கிறதுல எங்களுக்கு சம்பந்தமே இல்ல, இதுக்குன்னு கட்டணம் கமிஷன் எதுவும் நாங்க கேக்கறதில்ல, எங்க பேர்ல கேக்க யாருக்கும் அதிகாரமும் குடுக்கலன்னு. கிளியரன்ஸ்னு ஒண்ணு கெடையவே கெடையாது. 18,500 கட்டுனா அடுத்தது ஜிஎஸ்டி, அதுக்கப்புறம் இன்சூரன்ஸ், அதுக்கப்புறம் 'வண்டி ஓசூர் செக்போஸ்ட்ல நிக்குது சார்'னு ஒரு போன் வரும், நான் மிகைப்படுத்தி சொல்லல, என்கிட்ட வந்தவங்க காட்டுன மெசேஜ் எல்லாம் இதே வரிசைதான். 1930க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் குடுங்க, சைபர் கிரைம் வெப்சைட்லயும் போடலாம். 2,150 திரும்பி வருமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது, ஆனா எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது. அந்த மெசேஜையும் நம்பரையும் அழிச்சிடாதீங்க. பணம் போடறோம் இந்த கியூஆர ஸ்கேன் பண்ணுங்க, பின் நம்பர் அடிங்கன்னா வெச்சிடுங்க, பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் தேவையில்ல.

சரி, இப்ப காசுக்கு வரேன்.

1818 காசு கிழக்கிந்தியக் கம்பெனி அடிச்ச காசு இல்ல. இதுல எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்ல, நீங்க அனுப்புன போட்டோவே போதும். கம்பெனி இந்தியா முழுக்க ஒரே மாதிரி காசு அடிக்க ஆரம்பிச்சது 1835ல. அந்த வருஷம் வந்த நெசமான அரை அணாவுல ஒரு பக்கம் ரெண்டு சிங்கம் தாங்குற கம்பெனி முத்திரை, இன்னொரு பக்கம் இலை வளையத்துக்குள்ள மதிப்பு, சாமி கீமி எதுவும் கெடையாது, செம்பு, எடை 12.95 கிராம். 1818ல நம்ம பக்கம் என்ன ஓடிட்டிருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துக்கு அப்ப பாராமகால்னு பேரு, அது 1792லயே திப்புகிட்ட இருந்து கம்பெனி கைக்குப் போயிடுச்சு, மெட்ராஸ் பிரசிடென்சி தங்க வராகனை விட்டுட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறுனதே அந்த 1818லதான், அதுவரைக்கும் வராகன், பணம், காசுன்னு தனிக் கணக்கு. அந்த கணக்குக்கு நடுவுல ராமர் பட்டாபிஷேகத்தோட அரை அணா எங்க இருந்து வந்து குதிக்கும்? ராமடங்கான்னு பூஜையறையில வெக்கிற டோக்கன் ரொம்ப காலமா உண்டு, ராமர் சீதை ஆஞ்சநேயர் எல்லாம் போட்டு அடிப்பாங்க, அது காசே இல்ல, பிரசாதம் மாதிரி. யாரோ பின்னாடி அந்த ராமடங்கா படத்தையும் கம்பெனி பேரையும் ஒட்ட வெச்சு அடிச்சு விட்டதுதான் உங்க கையில இருக்கிறது. 1616, 1717ன்னு கூட வருஷம் போட்டு வருது, எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டை. தாத்தா ஏமாந்துட்டாருன்னு நெனைக்க வேணாம், அவரு சாமி காசுன்னு வெச்சிருப்பாரு. பூஜையறையிலயே வைங்க.

அப்ப 35 லட்சம்னு ஏன் போட்டிருக்கான்? இங்கதான் நெறய பேரு தடுக்கி விழறது. உங்க லெட்டர்ல ஒரு எடத்துல '35 லட்சம்னு போட்டிருக்கான்'னு எழுதியிருக்கீங்க, இன்னொரு எடத்துல மாமா 'நாலரை லட்சம்'னு சொல்றாருன்னு. போட்டிருக்கான், சொல்றாரு, சரி, வாங்கிட்டான்னு எங்கயாவது இருக்கா? பாலக்கோடு தக்காளி மண்டியில நீங்க வெடிகாலையில போயி உங்க 20 கூடைக்குப் பக்கத்துல கூடை 10,000ன்னு அட்டை எழுதி வெச்சா உங்கள யாராவது தடுப்பாங்களா? தடுக்க மாட்டாங்க. மத்தியானம் வரைக்கும் உக்காந்துட்டு தக்காளிய கொட்டிட்டு வருவீங்க, அவ்வளவுதான். தக்காளி அழுவும், அதனால அட்டை பொய்னு அன்னிக்கே தெரிஞ்சிடும். காசு அழுவாது, அதனால அந்த அட்டை வருஷக்கணக்கா நெட்ல நிக்குது, அதையே பாத்துட்டு அடுத்தவன் 40ன்னு போடறான், அவனப் பாத்து இன்னொருத்தன் 1 கோடிங்கறான். போடறதுக்கு பெரும்பாலும் செலவும் கெடையாது. இப்படி போடறவன்ல பாதிப் பேரு திருடன் கூட இல்ல தம்பி, உங்கள மாதிரியே வீட்ல டிரங்குப் பெட்டி தொறந்தவன், நெட்ல பாத்தான், அவனும் போட்டான்.

மீதிப் பேரு விவரமானவங்க. 35 லட்சத்துக்கு போடறது அத விக்கறதுக்கு இல்ல, அதே காச 3,500க்கு விக்கறதுக்கு. ஒரு பேர்ல 35 லட்சம்னு தொங்க விட்டுட்டு இன்னொரு பேர்ல 'அவசரத் தேவை, 3,500'ன்னு போட்டா நீங்க ஆஹா ஜாக்பாட்னு வாங்கிடுவீங்க, அவனுக்கு அடக்கம் 40 ரூபா. அப்புறம் ஏலம்னாலே கூட்டாளிங்கள விட்டு விலைய ஏத்தறதும் உண்டு, விக்கிறவனோட ஆளே ரெண்டு பேரு மாத்தி மாத்தி கேப்பான், நடுவுல நெசமான ஆளு மாட்டிக்குவான். நம்ம மாட்டுச் சந்தையில தரகரு துண்டுக்குள்ள வெரலப் புடிச்சி விலை பேசறத வெளியூர்க்காரங்க கிண்டல் பண்ணுவாங்க, ஆனா அதுல ஒரு நேர்மை இருக்கு, உள்ள கைய குடுத்தவன் வாங்கத்தான் வந்திருக்கான்.

ஏலக்காரர் சுத்தியல தட்டி முடிச்சாலும் கூட விலை முடியல, இதுக்கு ஒரு கதை சொல்றேன், பழம்பொருள் சேக்கற எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். 2010 நவம்பர்ல லண்டன் ஓரமா ஒரு சின்ன ஏலக் கடை, ஒரு வீட்ட காலி பண்ணும்போது கெடச்ச சீனத்து ஜாடி ஒண்ணு ஏலத்துக்கு வருது, கியான்லாங் பேரரசர் காலத்துதுன்னு, ஏத்தி ஏத்தி 4 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு சுத்தியல தட்டிட்டாங்க. உலகம் முழுக்க பேப்பர்ல வந்துச்சு. கேட்டவரு பணம் கட்டவே இல்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்து, 2013ல வேற ஒருத்தருக்கு தனியா பேசி அதவிட ரொம்பக் கம்மிக்கு குடுத்தாங்க. இன்னிக்கும் யாராவது அந்த ஜாடியப் பத்தி பேசுனா பழைய நம்பரத்தான் சொல்லுவாங்க, கைக்கு வந்த நம்பர யாரும் சொல்றதில்ல.

ஆனா நேர்மையா இன்னொரு கதையும் சொல்லணும், இல்லன்னா எங்க ஆளுங்க எப்பவும் சரின்னு ஆயிடும். 2022 அக்டோபர்ல பிரான்ஸ்ல ஒரு ஜாடி, நிபுணர் பாத்துட்டு இது 20ஆம் நூற்றாண்டு சாமான், 2,000 யூரோ போவும்னாரு. ஏலத்துல 77 லட்சம் யூரோவுக்குப் போச்சு. அந்த நிபுணர் கடைசி வரைக்கும் தன் பேச்ச மாத்தல, வேலைதான் போச்சு. யாரு சரின்னு நமக்குத் தெரிய வேணாம், ஆனா அங்க நெசமா வேணும்னு கேட்டவங்க நெறய பேரு இருந்தாங்க, போட்டி போட்டாங்க, அதனால அது விலை. உங்க 35 லட்சத்துக்கு எதிர்ல ஒருத்தர் கூட இல்ல.

இத சோதிக்க ரொம்ப சுலபமான ஒரு வழி வெச்சிருக்கேன், 31 வருஷமா இத வெச்சுதான் பொழப்பு ஓடுது. விக்கிறவன வாங்கச் சொல்லுங்க, வாங்கறவன விக்கச் சொல்லுங்க. அந்த 35 லட்சத்துக்காரனுக்கு ஒரு மெசேஜ் போடுங்க, 'சார், அதே காசு என்கிட்டயும் இருக்கு, அதே வருஷம், அதே படம், எனக்கு 35 வேணாம், ஒரு லட்சம் குடுங்க போதும்'னு. நெசமா 35 லட்சம் போற காசுன்னா கடன் வாங்கியாவது ஓடி வரணும்ல? வர மாட்டான். பதிலே வராது, இல்லன்னா 'நாங்க வாங்கறதில்ல, விக்கறது மட்டும்தான்'னு வரும். அதே மாதிரி குரூப்ல 50 ரூபா கூட போவாதுன்னு சிரிச்சவங்ககிட்ட, 'அண்ணே, எனக்கு அதே காசு இன்னும் பத்து வேணும், 50 ரூபான்னு குடுங்க, நூறு வேணாலும் தரேன்'னு கேளுங்க. ரெண்டே நாள்ல கூரியர்ல வந்துடும் பாருங்க. அப்ப அவங்க பொய் சொல்லல.

இப்ப அதே சோதனைய அந்த 6,000 அண்ணாச்சிகிட்ட பண்ணலாம். ஏன்னா உங்க சந்தேகம் முழுக்க தப்பு இல்ல தம்பி, 1818 விஷயத்துல குரூப் சொன்னது சரி, ஆனா அந்த மனுஷன் 6,000 குடுக்க வந்தது 1818க்கு இல்ல, மத்ததுக்கு. 1840 ரூபா ஒண்ணோட எடை 11.66 கிராம், நூத்துக்கு 91.7 பங்கு வெள்ளி, அதாவது ஒரு காசுல 10.69 கிராம் சுத்த வெள்ளி, நாலுக்கும் சேத்து கிட்டத்தட்ட 43 கிராம். இன்னிக்கி வெள்ளி ரேட்ட போன்ல பாத்து 43ஆல பெருக்குங்க. வர்ற நம்பர் வெறும் உருக்குற விலை, காசுங்கறதுக்கான மதிப்ப இன்னும் சேக்கவே இல்ல. அப்புறம் அவருகிட்ட 'அண்ணே, இதே தரத்துல 1840 ரூபா நாலு எனக்கு நீங்க குடுத்தா என்ன விலை'ன்னு கேளுங்க, பேச்சு மாறும். சேக்கறவங்க எல்லாம் சந்தேகப் பேர்வழிங்க, அது நல்ல குணம்தான், ஆனா அந்த சந்தேகத்த அடுத்தவன் காசு மேல மட்டும் வெக்கிற ஆளுங்களும் இருக்காங்க. நானே ஒரு காலத்துல அப்படி இருந்தவன்தான். அதனாலதான் 2012ல இருந்து வாங்கறது விக்கிறத விட்டுட்டு மதிப்பு சொல்றதோட நிறுத்திக்கிட்டேன், கூலி மட்டும் வாங்கறேன்.

நான் ஏமாந்ததையும் சொல்லிடறேன், உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆறாம் ஜார்ஜ் மன்னர் போட்ட 1939 வெள்ளி ரூபா நெசமாவே அபூர்வம், வெளிய வந்தது ரொம்பக் கொஞ்சம், அடுத்த வருஷமே ரூபாயில வெள்ளிய பாதியா கொறச்சிட்டாங்க. அதனால 1939க்கு விலை உண்டு, யாரும் கத விட வேண்டியதில்ல. 90கள் கடைசியில பெங்களூர்ல ஒரு கடையில அந்தக் காச பாத்தேன், கை நடுங்குது, வெளிய காட்டிக்காம பேரம் பேசி, பொண்டாட்டி சீட்டுப் பணத்துல வாங்கிட்டு, பஸ்ல கிருஷ்ணகிரி வர வரைக்கும் சட்டைப் பைய புடிச்சிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வெச்சு பாத்தா 9ஓட வாலு மட்டும் வேற நெறம், 1938 காசுல 8ஐ செதுக்கி 9ஆ மாத்தியிருக்கான். கடைக்காரருக்கே தெரியாதுன்னாரு, இருக்கலாம். அந்தக் காசு இன்னும் என் மேசையில இருக்கு, வர்ற பசங்களுக்கு காட்டறதுக்கு. சீட்டுப் பணம் கத இன்னும் வீட்ல அப்பப்ப வரும்.

பழசுன்னா விலைன்னு ஒரு நெனப்பு நம்ம ஆளுங்ககிட்ட ஊறிப் போச்சு. 1808ல இங்கிலாந்து பர்மிங்காம்ல சோஹோ மின்ட்ங்கற காசு அடிக்கிற ஆலையில மெட்ராஸுக்குன்னே 10 காசு, 20 காசு செப்புக்காசு அடிச்சு அட்மிரல் கார்ட்னர்ங்கற கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க, 1809 ஜனவரில இங்கிலாந்து கரையத் தாண்டறதுக்குள்ளயே குட்வின் மணல் திட்டுல மோதி முழுகிப் போச்சு. நம்ம பக்கத்து சந்தைக்கு வர வேண்டிய சில்லறை அது. 1984 வாக்குல முங்கி எடுத்தாங்க, பத்து லட்சத்துக்கு மேல காசு, கப்பல்ல இருந்த மாதிரியே. விளைவு என்னன்னா 200 வருஷத்துக்கு மேலான, கதையோட இருக்கிற கப்பல் காசு, இன்னிக்கும் இங்கிலாந்துல ஒரு நல்ல சாப்பாட்டு விலைக்கு கெடைக்குது. வயசு இருக்கு, கதை இருக்கு, ஆனா எண்ணிக்கையும் இருக்கு. அதே கணக்குதான் 5 ரூபா டிராக்டர் நோட்டுக்கும், 2012ல வந்த வைஷ்ணோ தேவி காசுக்கும், லட்சக்கணக்குல இருக்கறத எவன் லட்சம் குடுத்து வாங்குவான்.

யானைக் காசு ரெண்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. திப்பு சுல்தான் காலத்து பைசா மாதிரிதான் தெரியுது, நேர்ல பாத்தாதான் உறுதி. ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி கோட்டைன்னு அவங்க படை நின்ன ஊரு இது, அதனால நம்ம பக்கத்து வீடுங்கள்ல இது வர்றது சகஜம். பின்பக்கம் பாரசீக எழுத்து இருக்கும், வருஷம் போட்டிருந்தா அத பெரும்பாலும் வலமிருந்து இடமா படிக்கணும், மொத சில வருஷத்துக்கு அப்புறம் திப்பு அப்படித்தான் போட்டாரு. விலைன்னு பாத்தா தரத்தப் பொறுத்து சில நூறு ரூபா, தெளிவா எழுத்து விழுந்திருந்தா கொஞ்சம் கூட. லட்சம் இல்ல. ஆனா நெசம். உங்க பெட்டியில கொள்ளு வித்த காசா, குத்தகை காசா, எப்படி வந்துச்சோ, 230 வருஷம் கை மாறி கை மாறி உங்க தாத்தா வேட்டி முடிச்சுல வந்து உக்காந்திருக்கு. தயவு செஞ்சு புளி போட்டு தேய்க்காதீங்க, பீதாம்பரி போடாதீங்க. அம்மாகிட்ட இப்பவே சொல்லிடுங்க, ஏன்னா இந்த மாதிரி காசு எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி முக்காவாசி வீட்ல பளபளன்னு வெளக்கி வெச்சிடறாங்க, அந்த பழுப்புப் படலம் போச்சுன்னா பாதி மதிப்பு போச்சு. மெல்லிசு பிளாஸ்டிக் கவர்லயும் போடாதீங்க, அதுல சில கவர் நாளடைவுல செம்ப பச்சையா பிசுபிசுன்னு ஆக்கிடும். அந்த வேட்டித் துணியே பரவால்ல, இல்லன்னா சாதா பேப்பர் கவரு. முடிச்சோட ஒரு போட்டோ எடுத்து, எந்தத் தேதி எந்தப் பெட்டியில கெடச்சதுன்னு ஒரு துண்டு சீட்டு எழுதி வைங்க, நாளைக்கு யாருக்காவது குடுத்தாலும் அந்தச் சீட்டு கூடப் போவட்டும்.

மாமா கிராமபோன். இதுதான் எழுதறதுக்கு கஷ்டமா இருக்கு, அவரு படிப்பாரேன்னு. எட்டுப் பட்டை பித்தளைக் குழல், கண்ணு கூசற மாதிரி பாலீஷ், சதுரப் பெட்டி, முன்னாடி நாய் படம் போட்ட பித்தளைத் தகடு ஆணி அடிச்சிருக்கு, இது நம்ம நாட்டுலயே பல வருஷமா டஜன் கணக்குல பூட்டுற சாமான், வெளிநாட்டு சேகரிப்பாளருங்க இதுக்கு ஒரு கெட்ட பட்டப்பேரே வெச்சிருக்காங்க, நான் இங்க எழுத மாட்டேன். பெட்டியும் குழலும் புதுசு, உள்ள இருக்கிற மோட்டாரு மட்டும் எங்கயாவது உடைஞ்ச சூட்கேஸ் கிராமபோன்ல இருந்து கழட்டுனதா இருக்கும். நெசமான பழைய குழல்ல பெரும்பாலும் பெயின்ட் அடிச்சிருக்கும், நாய் படம் மரத்து மேல ஒட்டுப்படமா இருக்கும், தகடா ஆணி அடிச்சிருக்காது. அதுமில்லாம நம்ம ஊரு பணக்கார வீடுங்கள்ல 1930கள்ல இருந்து நெசமா பாடுனது சூட்கேஸ் மாதிரி மடக்குற எச்எம்வி 102 மாடலுங்க, வெளிய குழலே கெடையாது. மாமாவ அந்தக் குழல தட்டிப் பாக்க சொல்லுங்க, பெட்டிய கவுத்துப் போட்டு அடியில இருக்கிற ஸ்குரூவ பாக்க சொல்லுங்க, பிளஸ் மாதிரி நட்சத்திரப் பொளவு இருக்கிற ஸ்குரூன்னா புதுசா பூட்டுனதுதான், அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல. வாங்குன எடத்துல பில்லு இருந்தா திருப்பிக் கேட்டுப் பாக்கலாம். அதுல மட்டும் நல்ல இசைத்தட்டு எதையும் போட்டுடாதீங்க, ஊசி கை சரியா அமையாம தட்டையே உழுதுடும். கூடத்துல ஷோவுக்கு வெக்க அழகாத்தான் இருக்கும், கல்யாண மண்டபக்காரங்க வாடகைக்கு கூட கேப்பாங்க.

விலை பாக்கணும்னா எங்க பாக்கணும்னு கேப்பீங்க. வெளிநாட்டு ஏல சைட்ல 'வித்துப் போனது' மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கு, அத போட்டுட்டு பாருங்க, கோடி எல்லாம் காணாமப் போயி மீதி நிக்கறதுதான் விலை, அதுலயும் விலைய கோடு போட்டு அடிச்சிருந்தா பேரம் பேசி கம்மிக்கு போயிருக்குன்னு அர்த்தம். நம்ம நாட்டுல மும்பை டோடிவாலா, பெங்களூர் மருதர் ஆர்ட்ஸ் மாதிரி காசு ஏல நிறுவனங்க ஒவ்வொரு ஏலத்துக்கும் கேட்லாக் போட்டு, என்ன விலைக்குப் போச்சுன்னும் போடறாங்க. அதுல கேட்டது ஒரு விலை, வாங்கறவரு அதுக்கு மேல கமிஷனும் வரியும் கட்டுவாரு, விக்கிறவருக்கு கமிஷன் கழிச்சுதான் கைக்கு வரும், இந்த மூணையும் கொழப்பிக்காதீங்க. தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு ஒரு நாள் காலையில போயி ஏலத்த வேடிக்க பாருங்க, ஏலம்னா என்னன்னு அங்க ஒரு மணி நேரத்துல புரிஞ்சிடும், பட்டுக்கூட்ட கையில எடுத்துப் பாக்கறான், நசுக்கிப் பாக்கறான், அப்புறம்தான் வாயத் தொறக்கறான்.

விக்கிறதா இருந்தா ஒண்ண ஞாபகம் வெச்சுக்கோங்க, 100 வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருள வெளிநாட்டுக்கு அனுப்பறது 1972 சட்டப்படி குத்தம், காசும் அதுல சேத்தி. வெளிநாட்டுப் பார்ட்டி பார்சல்ல அனுப்பச் சொன்னாருன்னு எதையும் அனுப்பிடாதீங்க, 1840 ரூபா கூட. வியாபாரமா பண்றவங்களுக்கு லைசென்ஸ் வேணும், வாங்க வர்றவருகிட்ட அது இருக்கான்னு கேக்கறதுல தப்பே இல்ல.

கடைசியா அந்தக் கல்லு. நீங்க லெட்டர்ல ஒரே வரியில போட்டுட்டீங்க, எனக்கு மொத்த லெட்டர்லயும் கண்ணு நின்னது அதுலதான். வில்லு புடிச்ச ஆளு, கொல்லையில தனியா நிக்குதுன்னா அது நடுகல்லா இருக்க நெறய வாய்ப்பு. மாடு புடிக்க வந்தவங்களோட சண்டை போட்டு செத்தவனுக்கு நட்ட கல்லு, நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் இது நெறய உண்டு, வேடியப்பன்னு கும்பிடறோமே, அதுல பல எடத்துல உள்ள நிக்கறது நடுகல்தான். தலைக்கு மேலயோ பக்கத்துலயோ எழுத்து மாதிரி கீறல் இருக்கான்னு சாயங்கால வெயில் சரிஞ்சு விழும்போது பாருங்க, அப்பதான் தெரியும். வட்டெழுத்துங்கற பழைய தமிழ் எழுத்தா இருக்கலாம், 'தொறு'ன்னு ஒரு சொல் வரும், மாட்டு மந்தைன்னு அர்த்தம். சாக்பீஸ் தேய்க்காதீங்க, எண்ணெய் ஊத்தாதீங்க, கழுவக் கூட வேணாம், நகத்தவே நகத்தாதீங்க.

உங்க பட்டா நிலத்துல நிக்குதுன்னாலும் அது நெட்ல போட்டு விக்கிற சாமான் இல்ல, 100 வருஷத்துக்கு மேற்பட்ட கல் சிற்பம் பதிவு பண்ண வேண்டிய பழம்பொருள், மாமா போட்டோ போட்டாருன்னா வாங்க வர்றவனுக்கு முன்னாடி போலீஸ் வரும், இல்லன்னா ராத்திரியோட ராத்திரியா ஜேசிபி வரும், ரெண்டும் நடந்திருக்கு. தர்மபுரியில அரசு அருங்காட்சியகம் இருக்கு, கிருஷ்ணகிரியிலயும் இருக்கு, ரெண்டுலயும் நடுகல் வரிசையா வெச்சிருக்காங்க, ஒரு நாள் போயி பாத்துட்டு அப்படியே காப்பாட்சியர்கிட்ட உங்க கல்லு போட்டோவ காட்டுங்க, இல்லன்னா தாசில்தார் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. வீட்ல பாட்டி இருந்தா அந்தக் கல்லுக்கு முன்னாடி எப்பவாவது பொங்க வெச்சாங்களா, என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு கேட்டு அதையும் சேத்து சொல்லுங்க. மாமா ஏற்கனவே எங்கயாவது போட்டிருந்தா இன்னிக்கி ராத்திரிக்குள்ள எடுத்துடச் சொல்லுங்க.